அம்மா இடுப்புல கரண்ட்!

எங்க ஆலங்குளம் பக்கம் தீப்பெட்டி கம்பெனியை 'ஆபீஸ்'னுதான் சொல்வோம். 'அம்மா ஆபீஸ் போறாங்க'ன்னு சொன்னா, காலேஜ்ல எல்லாரும் நாற்காலி, ஃபேன்னு நினைச்சுக்கிடுவாங்க. தரையில் உட்கார்ந்து குச்சி அடுக்குற வேலைங்க. எவ்வளவு அடுக்குறாங்களோ அவ்வளவு கூலி. அதனால நடுவுல எழுந்திரிக்கவே மாட்டாங்க. இருபது வருஷத்துல இடுப்பு போச்சு.

போன மாசம் ராஜபாளையத்துக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போனேன். கரண்ட் வைக்கணும்னதும் எழுந்துட்டாங்க. "மருந்து ஒட்டுன கையோட கரண்டா? வேணாம்ப்பா!" தீப்பெட்டி ஆபீஸ் பயம் லேசுல போகுமா? 'டென்ஸ்'ங்கிற அந்தக் குட்டிப் பெட்டி பேட்டரியில ஓடுறதுதான். முதல்ல என் கையில ஒட்டிக் காட்டினாங்க. எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான்.

இடிச்சுக்கிட்ட முழங்காலைத் தேய்ச்சு விடுவோமே, அதே சூட்சுமம். தொடு உணர்வு முந்திக்கிட்டா, தண்டுவடத்துல வலிக்கான கதவு பாதி சாத்திக்கும்னு 1965-ல் மெல்சாக், வால் ரெண்டு பேரும் சொன்ன தியரி. (பேஸ்மேக்கர் வெச்சவங்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காம இதைத் தொடக் கூடாது.)

இருபது நிமிஷம் கழிச்சு, கட்டிலைப் பிடிக்காம எழுந்தாங்க அம்மா! மறுநாள் காலையில வலி திரும்பிடுச்சு. வியாதியை இது குணமாக்காது, வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும்னு முதல்லயே சொல்லித்தான் இருந்தாங்க. "ஒரு ராத்திரி புரளாம தூங்கினேன்லடா"ங்கிறாங்க அம்மா.

செவ்வாய்க்கிழமை மறுபடி போறோம். அன்னைக்குக் கூலி கிடையாது.