பங்காளிகளின் பெரிய வீடு

செட்டிநாட்டு யாத்திரையில் நம்மைத் திகைக்க வைப்பவை வீடுகளே. கானாடுகாத்தானில் ஒரு தெருவில் முகப்பு வழியே நுழைந்தால், வளவு, இரண்டாங் கட்டு, சமையற்கட்டு என்று கடந்து பின் தெருவில் வெளிப்படுகிறோம். பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெருகிட்ட சுவர்கள். 1927-ம் வருஷம் இப்பக்கம் விஜயம் செய்த மகாத்மா, மாளிகைகளில் அந்நியச் சாமான்கள் நிறைந்திருப்பதைக் கண்டித்துப் பேசினார். எனினும், வீட்டின் அமைப்பு நம் நாட்டுக்கே உரியது.

வளவைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் அறை உண்டு. கல்யாணமானதும் தம்பதிகளை 'வேறு வைத்து' விடுவார்கள். அவர்கள் தனிப் 'புள்ளி'. அடுப்பும் செலவும் தனி. கூரை மட்டும் பொது. மனஸ்தாபம் நேராதிருக்க முன்னோர் செய்த ஏற்பாடு இது.

அந்தப் பொதுக் கூரையே இன்று சச்சரவுக்குக் காரணமாயிருக்கிறது. இவ்வீடுகளை எழுப்பிய பணத்தில் பெரும்பகுதி பர்மாவில் ஈட்டியது. 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பால் அவ்வியாபாரம் குலைந்தது. 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசீய உடைமையாக்கச் சட்டம் இயற்றியது. பிள்ளைகள் பிழைப்பை நாடிப் பல ஊர்களுக்குப் போனார்கள். பங்குகள் பெருகின, குடியிருப்போர் குறைந்தனர்.

நாம் சென்ற ஒரு வீட்டில் இரண்டாங் கட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. அங்கே வசிக்கும் மூத்தவர், ஓட்டைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போட விரும்புகிறார். சென்னையிலுள்ள இளையவருக்கு அது சம்மதமில்லை.

"சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், அண்ணே. அப்பச்சி வீட்டைக் கெடுக்காதீர்கள்" என்றார் அவர்.

"தம்பி, நீ வருஷத்தில் இரண்டு நாள் தூணைப் பார்த்துப் பெருமைப்பட்டுப் போகிறாய். ஒழுகலுக்குச் சட்டி வைப்பவன் நான்" என்றார் மூத்தவர்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அப்போது அவர்களுடைய தமக்கையார், "என் கையெழுத்தும் வேண்டுமே, யாராவது என்னைக் கேட்டீர்களா?" என்றார். 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முற்படும் வரையில் பெண்கள் குடியிருப்பு வீட்டில் பாகப்பிரிவினை கோர இயலாதிருந்தது. 2005-ல் அத்தடை நீங்கியது. ஆகவே ஆச்சியின் கேள்வி வெறும் கோபமன்று.

சண்டை முற்றினால் என்னவாகும் என்பதைக் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகளில் காணலாம். கதவுகளும் தூண்களும் பீங்கான்களும் அங்கே தனித்தனியே விலை போகின்றன. அறை அறையாகப் பங்கிட முடியாத வீட்டை மரம் மரமாகப் பங்கிட்டுவிடுகிறார்கள்!

இதற்கு வழி இச்சமூகத்தின் வழக்கத்திலேயே இருக்கிறது. நகரத்தார் தங்கள் கோயில்களுக்குப் புள்ளி வரி செலுத்துகிறார்கள். கூரைக்கும் அவ்வாறே புள்ளிக்கு இவ்வளவு என்று வைக்கலாம். பெண்மக்களையும் புள்ளியாக எண்ணலாம். வசிப்பவர் அன்றாடப் பராமரிப்பை ஏற்கட்டும். சுவரையும் கூரையையும் மாற்றுவதானால் எல்லாரையும் கேட்கட்டும். தூரத்தில் இருப்பவரோ, யோசனையோடு பணமும் அனுப்பட்டும். அடுத்த ஐப்பசி மழைக்குள் இவ்வளவுக்காவது அவர்கள் உடன்பட்டால் வீடு பிழைக்கும்.