கள்ளின் வயது

கள்ளின் வயதை மணிக்கணக்கில் எண்ண வேண்டும். யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் விடியற்காலை மரத்திலிருந்து இறங்கிய பனங்கள்ளும், அதே மரம் பின்னேரம் தந்த கள்ளும், ஒரு நாள் முழுக்க மூடிவைத்த கள்ளும் மூன்று வேறு குடிவகைகள். எங்கள் ஊரில் கள்ளுக் குடிப்பவர்களுக்கு இது தெரியும். ஆனாலும் அதைப் பற்றி யாரும் பொறுமையாகப் பேசிக் கேட்டதில்லை.

அப்படிப் பேசலாம் என்று எனக்குத் தோன்றியது பாரிஸில். ஊர் நண்பர்கள் சிலர் சேர்ந்து மதிரான் என்ற சிவப்பு வைனை வெவ்வேறு வயதில் வாங்கிவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தோம். பிரான்சின் தென்மேற்கு மூலையில் விளைகிறது அது. 1948 முதலே சட்டப்படி பெயருரிமை பெற்ற வைன். இருந்தும் போர்தோவின் பெயருக்கு முன்னால் இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. அதன் முதன்மைத் திராட்சை தனா. தோல் தடித்த அந்தப் பழத்தில் துவர்ப்பு தரும் தனின் மிக அதிகம். மூன்று வயதுப் போத்தல் ஈறைக் கவ்விப் பிடித்தது. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்து, வாழைப்பூவிலும் நாவற்பழத்திலும் பழகிய எங்கள் நாக்குக்கு அது பகையாகத் தெரியவில்லை. எட்டு வயதுப் போத்தலில் அந்தப் பிடி தளர்ந்து பழம் முன்னுக்கு வந்தது. பதினைந்து வயதானதில் நிறம் ஓரத்தில் செங்கல்லாக மாறி, உலர்ந்த பழமும் தோலும் மணத்தன. தனின்கள் ஒன்றோடொன்று கூடிப் பெருத்து அடியில் படிவதால் வரும் மாற்றம் இது. மூடிய போத்தலுக்குள் காற்று மிகச் சிறிதாகவே புகுவதால் அதற்கு இத்தனை ஆண்டு பிடிக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பத்ரிக் துகூர்னோ என்ற மதிரான்காரர், தொட்டிக்குள் ஒட்சிசனைத் துளித்துளியாக விட்டு இந்தத் துவர்ப்பை விரைவில் தணிக்க ஒரு முறை கண்டுபிடித்தார்.

பனங்கள்ளில் காலத்தைத் தாங்கிப்பிடிக்கத் தனின் இல்லை. முட்டியின் வாய் திறந்தே கிடக்கிறது. பாளை சீவிய இடத்திலிருந்து வடியும் சாறு தேன்போல இனிக்கும். பத்து வீதத்துக்கு மேல் சீனி. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் மதுவம் வேலை செய்யாது. அது கருப்பநீர், பனங்கட்டிக்குப் போகும். சுண்ணாம்பு இல்லையென்றால் காற்றிலும் பாளையிலும் முந்திய நாள் மண்டியிலும் இருக்கிற மதுவம், சாறு விழத் தொடங்கியதுமே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நாலு, ஐந்து வீத அற்ககோல். கூடவே பற்றீரியாக்களின் புளிப்பு. இன்னும் விட்டால் வினாகிரி.

இதில் என்னை மிகவும் கவர்ந்த விசயம் ஒன்று உண்டு. மாலையில் கட்டிய முட்டியில் மறுநாள் விடிய இருப்பது ஒரே வயதுக் கள் அல்ல. பொழுதுபடும்போது விழுந்த துளிக்குப் பன்னிரண்டு மணி வயது. இறக்குவதற்குச் சற்று முன் விழுந்தது பச்சைக் குழந்தை. இரவு முழுதும் புதியது பழையதன்மேல் விழுந்து கலந்துகொண்டே இருக்கிறது. ஸ்பெயினில் ஷெரிக்காரர்கள் பழைய பீப்பாய்களில் புதிய வைனைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் செய்கிற கலப்பை, எங்கள் பனை ஓர் இரவில் செய்துவிடுகிறது. இரவுக் குளிர் மதுவத்தை அடக்குவதால் விடியக் கள்ளில் இனிப்பு மிஞ்சி நிற்கும். பகல் வெயிலில் தொங்கிய முட்டி பின்னேரம் உறைத்துக்கொண்டு இறங்கும்.

போன பங்குனியில் ஊருக்குப் போனபோது இரண்டையும் ஒப்பிட்டுக் குடித்தேன். விடியக் கள் வெண்மையாக, மெல்லிய நுரையோடு, இளநீர் வழுக்கையின் வாசம். பின்னேரக் கள்ளில் இனிப்பு பின்வாங்கி, புளிப்பும் ஒரு கந்தக வாடையும் எழுந்தன. அந்த வாடையைச் சிலர் நாற்றம் என்பார்கள். பொரித்த பாரைமீனோடு அதைக் குடித்துப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். இன்னொரு மரத்து விடியக் கள் மிகத் தெளிவாக, புளிப்பே இல்லாமல் இருந்தது. "என்னண்ணை, இது மட்டும் இப்பிடி?" என்று கேட்டேன். "அது கிணத்தடி ஆண்பனை தம்பி. முட்டியும் நேற்றுக் கழுவிப் புகைகாட்டினது" என்றார் இறக்கியவர். மரம், இடம், பாத்திரம், நேரம் எல்லாவற்றையும் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார். மதிரானில் ஒரு வைன்காரர் இதைச் சொல்லியிருந்தால் போத்தலின் முதுகில் அச்சிட்டிருப்பார்கள்.

இங்கே அச்சிட யாரும் இல்லாததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க மிசனரிமார் மதுவிலக்கைப் போதித்தார்கள். சைவச் சீர்திருத்தக்காரரும் கள்ளைத் தள்ளிவைத்தார்கள். அதைவிட ஆழமானது சாதி. மரத்தில் ஏறிச் சீவியவரைத் திண்ணையில் இருத்தாத வீடுகள் அவர் இறக்கியதை மட்டும் வாங்கிக்கொண்டன. அப்பத்துக்கு மா புளிக்கவைக்கவும் அவரிடம்தான் கள் கேட்டு ஆள் போகும். ஒரு பண்டத்தின் சுவையைப் பேசினால் அதைச் செய்தவரின் கைத்திறனையும் பேச வேண்டிவரும். அந்தப் பேச்சை எங்கள் சமூகம் நெடுங்காலம் தவிர்த்தது. உயிரைப் பணயம் வைத்து ஒரு நாளில் பல மரம், அதுவும் காலையும் மாலையும் ஏறி, பாளையைக் கடதாசி மெலிவில் சீவுகிற வேலை அது. கத்தி ஆழமாகப் போனால் பாளை வீணாகும். மேலோட்டமாகப் போனால் சாறு அடைத்துக்கொள்ளும்.

1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்து கள்ளு விற்கும் தவறணைகளை நடத்தத் தொடங்கியது தொழிலாளருக்குப் பெரிய பாதுகாப்பு. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. எங்கள் ஊருக்குக் கிட்டத்தில் திக்கம் வடிசாலை பனஞ்சாராயம் வடித்தது. போரில் பனைகள் பதுங்குகுழிகளுக்குத் தறிபட்டன. பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு அனுப்பப் பெற்றோர் விரும்பவில்லை, அது நியாயமும்கூட. போத்தல் கள் வெளிநாட்டுக்குப் போகிறது, பாரிஸிலும் குடித்திருக்கிறேன். சூடாக்கி மதுவத்தைக் கொன்றுவிடுவதால் அதன் வயது அங்கேயே நின்றுவிடுகிறது. ஊர் நினைவுக்கு அது போதும். கள்ளை அறிந்துகொள்ளப் போதாது.

தவறணையில் பல மரத்துக் கள் ஒன்றாகக் கலந்து, ஒரே அளவையில், ஒரே விலையில் போகிறது. ஒரு சில முட்டிகளையாவது கலக்காமல் வைத்து, எந்த மரம், எத்தனை மணிக்கு இறக்கியது, யார் சீவியது என்று ஒரு பலகையில் எழுதி, அதற்கென்று கூடுதல் விலை வைத்து, அந்தக் கூடுதலை இறக்கியவருக்கே கொடுக்கலாம். வாங்க ஆள் வரும் என்று நம்புகிறேன். ஊருக்கு வருகிறவர்கள் மாரி முடிந்து பாளை வரும் மாதங்களில் வாருங்கள். விடிய ஏழு மணிக்குள் போய், பச்சை ஓலை மணக்கும் பிளாவில் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை நிழலில் மூடிவைத்து பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் மறுபடி சுவைத்துப் பாருங்கள். சீவியவர் பக்கத்தில் இருந்தால் அவருக்கும் ஒரு கதிரை போடச் சொல்லி, மரத்தைப் பற்றிக் கேளுங்கள்.