மறைவழியும் அதன் காவலரும்

கடிதம் எழுதுவார் அதனை உறையிலிட்டு ஒட்டி விடுத்தல் உலக வழக்கு. அவ்வுறையினுள் இருப்பது களவுச் செய்தியன்று; வீட்டார் நலம் வினவிய நான்கு வரிகளே யாகலாம். ஆயினும் அதனை ஊரார் படிக்குமாறு திறந்து விடுக்க எவரும் ஒருப்படார். மறைவு வேறு, வஞ்சனை வேறு. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள், நம் நாட்டு உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மர், அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தமையும் ஈண்டு நினைவிற் கொள்ளத் தக்கது.

இணையத்தில் இவ்வுறைபோல் உதவுமெனக் கூறி விற்கப்படுவது வி.பி.என். என்னும் மறைவழி. அதன் இயல்பைச் சிறிது விளக்குவாம். நாம் ஓர் இணையதளத்தை நாடுங்கால், நமக்கு இணைப்புத் தருவோர் அத்தளத்தின் பெயரை அறியக்கூடும். தளத்தாரோ நமது ஐ.பி. முகவரியை அறிவர். மறைவழியை மேற்கொண்டால், நம் கருவியினின்று புறப்படுவதெல்லாம் மறையெழுத்தாகித் தொலைவிலுள்ள ஒரு சர்வரை அடைந்து, அங்கிருந்தே உரிய தளத்துக்குச் செல்லும். இணைப்புத் தருவோர்க்கு அச்சர்வரின் முகவரியே தோன்றும். தளத்தார்க்கும் அதுவே தோன்றும். நன்று. ஆயின், முன்னர் இணைப்புத் தருவோர் அறியக்கூடியவற்றை இப்போது மறைவழியை நடத்துவோர் அறியக்கூடும். சாவி கைமாறிற்றேயன்றி இல்லாமற் போயிற்றில்லை. ஆதலின், முதற்கண் ஆராயத் தக்கது அதன் காவலர் யாவர் என்பதே.

யான் இவ்வாராய்ச்சியிற் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற ஆண்டு என் அன்னையார் நோயுற்றிருந்தார். வீட்டில் அந்நோயின் பெயரை எவரும் வாய்விட்டுச் சொல்லாத நாட்கள் அவை. யானோ விடுதியறையிலிருந்து, அனைவர்க்கும் பொதுவான வைஃபை வாயிலாக, இரவுதோறும் அந்நோயைப் பற்றிப் படித்து வந்தேன். இக்காலத்துத் தளங்களிற் பெரும்பாலன தாமே மறையெழுத்தை ஆளுதலின், யான் படித்த பக்கம் பிறர்க்குத் தோன்றாது. ஆயினும், தளத்தின் பெயரொன்றே ஊகிப்பார்க்குப் போதுமன்றோ? எவரும் நோக்கினரென்று யான் கூறவில்லை. அன்னையார் தாமே சொல்ல விரும்பாத ஒன்றை என் கைப்பேசி சொல்லிவிடலாகாதென்றே கவன்றேன்.

இலவசமாகக் கிடைக்கும் மறைவழிகள் பலவுள. அவற்றைக் கொள்ளுமுன் ஓனாவோவின் வரலாற்றை அறிதல் நலம். அதனை ஃபேஸ்புக் நிறுவனத்தார் 2013இல் விலைக்கு வாங்கினர். காவல் செய்யுமென்று விளம்பரஞ் செய்யப்பட்ட அச்செயலி, பயன்படுத்துவோரின் பழக்கங்களைத் திரட்டி அந்நிறுவனத்தின் வாணிகத்துக்கு உதவிற்று. 2018இல் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையினின்று அது நீங்கியது. 2019இல் அடியோடு மூடப்பட்டது. 2023இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் இதன்பொருட்டு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. விலையின்றிக் காவல் செய்வான் எதனைக் கூலியாகக் கொள்கின்றான் என்று வினவாதார் இழப்பர்.

இனி, விலைக்குக் கிடைப்பனவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வாம். முல்வாட் என்பது 2009இல் சுவீடன் நாட்டில் தோன்றியது. அச்சொல்லுக்கு அந்நாட்டு மொழியில் அகழெலி என்பது பொருள். பெயரும் மின்னஞ்சலும் அது கேட்பதில்லை. 16 இலக்கமுள்ள எண்ணொன்றே கணக்காகும். திங்களொன்றுக்கு 5 யூரோ கட்டணம். பணத்தாளை உறையிலிட்டு அனுப்பினும் ஏற்பர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் அந்நாட்டுக் காவற்றுறையினர் சோதனை ஆணையுடன் அந்நிலையம் புகுந்து, வாடிக்கையாளர் குறிப்பு ஒன்றும் இல்லாமையால் வெறுங்கையுடன் மீண்டனரென நிறுவனத்தார் அறிவித்தனர். இல்லாததை எவரும் கவர்தல் இயலாது. இதுவே அதன் தலையாய நன்மை.

குறைகளுமுள. 5 யூரோ என்பது ஏறக்குறைய 500 ரூபாய்; மாணாக்கர்க்கு இது சிறு தொகையன்று. ஓராண்டுக்கு ஒருங்கே செலுத்தினும் தள்ளுபடியில்லை. வங்கி அட்டையாற் செலுத்துவார் பெயர் வங்கியேட்டில் நிற்கும். தொலைவிலுள்ள சர்வரைச் சுற்றிவருதலின் விரைவு குன்றலாம். மறைவழியால் வருவாரைச் சில தளங்கள் உள்ளே விடா. எல்லாவற்றினும் பெரிய குறை யாதெனில், தம் பெயரையிட்டுக் கணக்கினுள் நுழைவாரை எம்மறைவழியும் மறையாது என்பதே. கள்ள மின்னஞ்சலையும் நச்சுச் செயலியையும் அது தடுப்பதன்று.

நிற்க. அரசினர் பக்கத்து நியாயத்தையும் நோக்குதல் வேண்டும். மறைவு தீயோர்க்கும் துணையாகும். இதனாலேயே 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், இணையக் குற்றங்களை ஆராயும் பொருட்டு, மறைவழி நடத்துவோர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை 5 ஆண்டு காத்து வைத்தல் வேண்டுமென நடுவணரசின் செர்ட்-இன் நிறுவனம் ஆணையிட்டது. நிறுவனங்கள் சில அவ்வாண்டிலேயே தம் சர்வர்களை இந்தியாவினின்று அகற்றின. குற்றவாளியைத் தேடும் உரிமை அரசுக்குண்டு. ஆயினும், ஒருவனைப் பிடிக்கும்பொருட்டு அனைவர் பெயரையும் ஏட்டிலேற்றினால், அவ்வேட்டைக் காப்பார் யாவர் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி யான் கண்ட முடிவு இது: பாடநூல் தேடுதற்கும் செய்தி படித்தற்கும் மறைவழி வேண்டுவதில்லை, அதற்கு 500 ரூபாய் செலவிடுதல் வீண். பிறர் துன்பமொன்று நம் கையில் ஒப்புவிக்கப்பட்டிருக்கும் காலத்திலோ அச்செலவு தகும். திங்களுக்குத் திங்கள் கட்டணம் மாறாமையால், வேண்டும் திங்களுக்கு மட்டும் கொண்டு பின் விட்டுவிடலாம். அன்னையார் இப்போது நலமடைந்து வருகின்றார். தம் நோயின் பெயரை அவரே சென்ற விடுமுறையில் அண்டை வீட்டார்க்குச் சொன்னார். சொல்லும் காலத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவரிடமே இருந்தது. மறைவென்பதன் பயன் அவ்வளவே.