பழமனையும் நுந்தாவிளக்கும்

உலகத்துப் பொருள்கள் யாவும் உயிர்களின் பொருட்டே இறைவனால் உதவப்பட்டன என்பது சைவசித்தாந்தத் துணிபு. உயிர்கள் பயன்கொள்ளாதவழிப் பொருள் இருந்தும் இல்லாததேயாம். முன்னோர் தேடிவைத்த மனைகளுக்கும் இஃது ஒக்கும்.

கோயம்புத்தூர் உக்கடத்தில், பெரியகுளத்தின் வடபால் அமைந்த பழந்தெரு ஒன்றில், அன்பர் ஒருவர்க்கு முன்னோர்வழி வந்த தொட்டிக்கட்டு வீடு ஒன்று உண்டு. அவர் பாட்டனார் காலத்தில் அதன் ஆசாரத்தில் திருமுறை ஓதப்பட்டது. மார்கழி வைகறையிலும், சேக்கிழார் குருபூசையாகிய வைகாசிப் பூசத்திலும் தெருவினர் அங்கே கூடுவர். பின்னர்ப் பிள்ளைகள் தொழில் நாடிப் பல ஊர் சென்றனர், வீடு பூட்டப்பட்டது. நெடுநாட் கழித்து அன்பர் அதனைத் திறந்தபோது, அலமாரியிலிருந்த ஏடுகளிலும் அச்சுநூல்களிலும் பெரும்பாலன கறையானுக்கு இரையாகிக் கிடந்தன. அக்காட்சி அவர் நெஞ்சைச் சுட்டது.

தில்லையில் மூவர் கையடையாளத்தோடு பூட்டப்பட்டிருந்த அறையைத் திறந்தபோது நிகழ்ந்ததைத் திருமுறைகண்ட வரலாறு கூறும். திருவருளால் ஒருபகுதி எஞ்சியது. ஏனைய யாவும் செல்லரித்தொழிந்தன. பூட்டுக் கள்வரைத் தடுக்கும், கறையானைத் தடாது. நாடோறும் எடுத்து ஓதுவார் கையே ஏட்டிற்குக் காவலாகும்.

ஆதலின் அன்பர், அவ்வீட்டைத் திருமுறை ஓதும் மன்றமும், எஞ்சிய ஏடுகளைக் காக்கும் நூல்நிலையமுமாக ஊர்க்குப் பொதுவாக்க எண்ணினார். அப்பகுதிக்கு இத்தகைய எண்ணம் புதிதன்று. அணித்தாயுள்ள வைசியாள் வீதியில் வாழ்ந்த சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் (1878 - 1961), வழக்கறிஞர் தொழிலினிடையே பெரியபுராணத்திற்கு விரிவுரை எழுதினார். அது கோவைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக ஏழு பகுதிகளாய் வெளிவந்தது. அவரது இல்லம் சேக்கிழார் நிலையம் என்றே வழங்கிற்று. ஒரு மனை ஒரு நூலுக்கு நிலைக்களமாயின் எத்துணைப் பயன் விளையும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

எண்ணம் எளிது, பொருளே அரிது. அவ்வீட்டில் அன்பருடைய தங்கைக்கும் பாதி உரிமை உண்டு. வணிகர் ஒருவர் நிலத்திற்கு நல்ல விலை தர முன்வந்திருந்தார். "அண்ணா, அப்பாரு ஓதிய இடம் எனக்கும் இனியதே. ஆயினும் மகளின் படிப்பிற்கு என் பங்கையே நம்பியிருக்கிறேன்" என்றார் தங்கை. அவர் பங்கைக் குறைத்துச் செய்யும் அறம் அறமாகாது என அன்பர் உணர்ந்தார்.

நண்பர்கள் கூடி ஆராய்ந்தனர். அரசினரை நாடலாம் என்றனர் சிலர். சென்னைத் திருவல்லிக்கேணியில் பாரதியார் இறுதியில் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு 1993-இல் வாங்கி நினைவில்லமாக்கியது. அதே திருவல்லிக்கேணியில் உ. வே. சாமிநாதையர் வாழ்ந்த தியாகராச விலாசமோ 2012-இல் இடிக்கப்பட்டது. புகழ் ஒன்றே மனையைக் காவாது. உரிமையும் பொருளும் உரிய காலத்தில் ஒருங்கு சேர்தல் வேண்டும் என்பது இவ்விரண்டானும் விளங்கும்.

அப்போது முதியவர் ஒருவர் முன்னோர் நெறியை நினைவூட்டினார். முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலில் நுந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றை ஏற்றோர் நாடோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இறப்பனவற்றிற்குப் பிறப்பன ஈடாதலின், இவ்வாறு விடப்படும் ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு எனக் கல்வெட்டுக்கள் வழங்கும். முதல் குறையாது, அதன் பயனே செலவாகும். இதனை மறந்து, திரட்டிய பொருள் முழுதையும் சுவரிலும் தூணிலும் இட்டுத் திறப்புவிழா நடத்துவோர், அடுத்த ஆண்டே காப்பாளர் சம்பளத்திற்கு வழியின்றி மீண்டும் பூட்டைத் தேடுவர் என்றார் அவர்.

இவ்வறிவுரையின்படி திட்டம் வகுக்கப்பட்டது. அன்பர் தம் பாதியை அறக்கட்டளைக்கு எழுதிப் பதிவு செய்தல். தங்கையின் பங்கிற்குச் சந்தை விலையை நன்கொடையாற் சேர்த்துக் கொடுத்தல். அதன்பின் வருவதில் ஒரு பகுதியைத் தொடாத முதலாக வைத்து, அதன் வட்டியால் ஓதுவார்க்கும் நூல்காப்பாளர்க்கும் ஊதியம் அளித்தல். எஞ்சியதைக் கொண்டு பழுதுபார்த்தல். அதனிலும் ஓடு மாற்றுதலும் மழைநீர் வழியைச் செப்பனிடுதலுமே முன்வேலை, அழகுவேலை பின்னர். சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய சுவரில் சிமெண்டு பூசின் ஈரம் உள்ளே தங்கிச் சுவரைக் கெடுக்குமாதலின், சுண்ணாம்பே பூசுதல் வேண்டும். வரவு செலவுக் கணக்கைத் திங்கள்தோறும் ஆசாரத்தில் யாவரும் கேட்கப் படித்தல் வேண்டும்.

தங்கை ஓராண்டு தவணை தந்திருக்கிறார். வேண்டிய தொகை இன்னும் நிரம்பவில்லை. ஆயினும் வீடு இப்பொழுது பூட்டிக் கிடக்கவில்லை. மாலைதோறும் ஆசாரத்தில் விளக்கேற்றி ஐவர் அறுவர் அமர்ந்து ஓதுகின்றனர்; எஞ்சிய ஏடுகள் துடைத்து அடுக்கப்பெறுகின்றன. தவணை முடிவில் விற்க நேரினும், அவ்வேடுகள் தக்க நூல்நிலையம் ஒன்றைச் சேருமாறு இப்பொழுதே எழுதி வைத்திருக்கிறார் அன்பர்.

ஊர்தோறும் பூட்டிய மனைகளையும் திறவாத ஏடுகளையும் உடைய சைவ நன்மக்கள் இதனைச் சிந்திப்பாராக. திருவருள் துணைநிற்க.