மந்திரம் படிக்கிற பிள்ளைகள்

மந்திரம் என்றால் வெளியூர்க்காரர்கள் பில்லி சூனியம், மந்திரவாதி என்று நினைப்பார்கள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் மந்திரம் என்றால் ஜெபம். "பேத்திக்கு மந்திரம் தெரியுமா?" என்று ஒரு பாட்டி கேட்டால், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாச மந்திரம் எல்லாம் பாடமா என்று அர்த்தம். "பையன் மந்திரம் படிக்கப் போறான்" என்றால் புதுநன்மை வாங்கத் தயாராகிறான் என்று அர்த்தம்.

உளுந்தும் மிளகாயும் பற்றி எழுதுகிற இடத்தில் இது எதுக்கு என்று சிலர் கேட்கலாம். எங்கள் கரிசல் காட்டில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. புரட்டாசியில் விதைப்பு, தையில் உளுந்து பாசி அறுப்பு, மாசி பங்குனியில் மிளகாய்ப் பழம் எடுப்பு. எல்லாம் முடிந்து நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற சித்திரை, வைகாசியில்தான் பள்ளிக்கூடத்துக்கும் லீவு. அந்த மாசத்தில்தான் பிள்ளைகளுக்கு தினமும் வகுப்பு. மழை பெய்கிற மாசத்தில் வைத்தால் பிள்ளையும் வராது, கூட்டிக்கொண்டு வர ஆத்தாளும் வர மாட்டாள். மானாவாரி ஊரில் கோயில் வேலைக்கும் பருவம் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

எங்கள் பங்கில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மறைக்கல்வி எடுக்கிற ஆறு பேரில் நானும் ஒருத்தன். மற்ற ஐந்து பேரும் பெண்கள். சம்பளம் கிடையாது. பங்குச் சாமிக்கு எங்கள் ஊரோடு சேர்த்துச் சுற்றிலும் கிளைக் கிராமங்கள் இருக்கின்றன. அவர் ஒரு ஆளாக எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. முன்பு உபதேசியார் என்று ஒருவர் கோயில் பக்கத்திலேயே குடியிருப்பார். மணி அடிப்பது, மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாமி இல்லாத நாளில் ஜெபம் நடத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. இப்போது அந்த வேலையைத்தான் எங்களை மாதிரி ஆட்கள் பங்கு போட்டுச் செய்கிறோம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் அருட்சாதனங்கள் ஏழு. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம். எங்கள் தாத்தா காலத்துப் புத்தகங்களில் இதற்குத் 'தேவதிரவிய அனுமானங்கள்' என்று பெயர். தொட்டிலில் இருந்து சாவுப் படுக்கை வரைக்கும் ஒரு மனுசனுக்கு இந்த ஏழுக்குள் ஏதாவது ஒன்று காத்திருக்கும். சாமி தண்ணீர் ஊற்றுவதும் தைலம் பூசுவதும் சில நிமிச வேலை. அதற்கு முன்னால் வீட்டில் நடக்க வேண்டிய வேலைதான் பெரிசு.

இப்படிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பது இந்தப் பக்கத்தில் நேற்று வந்த வழக்கம் இல்லை. பிரான்சிஸ் சவேரியார் 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி, தானும் மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய் ஆட்களைக் கூட்டினார். பிள்ளைகள் படித்ததைப் போய் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக்கொடுக்கும்படி ஏற்பாடு செய்ததாக 1544ல் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். 1578ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' வெறும் 16 பக்கம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சடித்த முதல் புத்தகம் அது. அதுவும் ஞானோபதேசப் புத்தகம்தான்.

புதுநன்மை வயசுக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் பத்து, பன்னிரண்டு வயசுக்கு மேல்தான் கொடுப்பார்கள். 1910ல் பத்தாம் பத்திநாதர் என்ற பாப்பரசர், விவரம் தெரிகிற ஏழு வயசு வாக்கிலேயே கொடுக்கலாம் என்று ஆணை போட்டார். எங்கள் ஊரில் மூன்றாவது, நான்காவது படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள்.

அந்த வயசுப் பிள்ளைகளிடம் வாய் கொடுத்துத் தப்பிக்க முடியாது. நற்கருணை அப்பம் கோதுமை மாவும் தண்ணியும் மட்டும் சேர்த்துச் செய்வது, புளிப்பு கிடையாது என்று சொன்னேன். ஒரு பயல் எழுந்து, "நம்ம ஊர்ல கோதுமையே வெளையாதே சார், கம்புல செஞ்சா ஆவாதா?" என்றான். கோதுமைதான் என்பது திருச்சபைச் சட்டம், ஆண்டவர் பிறந்த நாட்டுச் சாப்பாடு அது, நமக்குக் கம்பு மாதிரி அவங்களுக்குக் கோதுமை என்றேன். "அப்ப அவரு நம்ம ஊர்ல பொறந்திருந்தா?" என்றான். வகுப்பே சிரித்தது. அந்தக் கேள்வி ஒன்றிலேயே அவனுக்குப் பாடம் பாதி புரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அன்றாடச் சாப்பாட்டை எடுத்துத்தான் ஆண்டவர் தன்னைக் கொடுத்தார் என்பதுதானே விசயம்.

பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்வது இன்னும் கஷ்டம். பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிடக் கூடாது, விளையாட்டாகவும் போய்விடக் கூடாது. எல்லாப் பிள்ளையும் கேட்கிற முதல் கேள்வி, "சாமி எங்க அப்பாகிட்ட சொல்லிருவாரா?" என்பதுதான். சொல்ல மாட்டார், உயிரே போனாலும் சொல்லக் கூடாது என்பது சட்டம் என்று சொன்னால்தான் முகம் தெளியும். சில பிள்ளைகள் பாவத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து சரியா பாருங்க என்று நீட்டும். வாங்க மாட்டேன். மடித்து வைத்துக்கொள், அது உனக்கும் சாமிக்கும்தான் என்று திருப்பிவிடுவேன். ஒருத்தன் மட்டும் தாளை நீட்டாமல் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில், "வெள்ளரிப் பிஞ்சு களவாண்டா சாமிகிட்ட சொல்லணுமா, காட்டுக்காரர்கிட்ட சொல்லணுமா?" என்று கேட்டான். ரெண்டு பேர்கிட்டயும் சொன்னா நல்லது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது உங்க காடுதான் சார்" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் அவனாகவே வந்து ஒரு நேரம் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுப் போனான்.

இதெல்லாம் சந்தோசமான பக்கம். இனிச் சொல்லப் போவதுதான் எங்கள் பங்கில் வருசா வருசம் இழுபறியாக நிற்கிற விசயம்.

மழை ஏமாற்றினால் எங்கள் பக்கத்துச் சனம் திருப்பூர், செங்கல் சூளை என்று கிளம்பிவிடும். சில வீட்டில் பிள்ளையையும் கூட்டிப் போவார்கள், சில வீட்டில் பாட்டியிடம் விட்டுப் போவார்கள். பங்குப் பேரவையில் ஒரு விதி போட்டார்கள். வருசம் முழுக்க ஞாயிறு வகுப்புக்கு முக்கால்வாசியாவது வந்த பிள்ளைக்குத்தான் புதுநன்மை. விதி போட்டதிலும் நியாயம் இருக்கிறது. கடைசி வாரம் கூட்டிவந்து, துணி எடுத்தாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு, பிள்ளைய சேத்துக்கோங்க என்று நிற்கிற பெற்றோரும் உண்டு. ஆனால் விதிக்கு யார் வசதியான ஆள், யார் சூளைக்குப் போன ஆள் என்று தெரியாது.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் சூளையில். பிள்ளை பாதி வருசம் அங்கே, பாதி வருசம் கிளைக் கிராமத்தில் அம்மாச்சியோடு. வருகைப் பதிவில் கால்வாசி கூட இல்லை. கூட்டத்தில் பேர் வாசிக்கும்போது, அடுத்த வருசம் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள். அடுத்த வருசமும் சூளைதானே, அதற்கடுத்த வருசமும் சூளைதானே என்று நான் கேட்டேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் என்றார் ஒருவர். சத்தம் கூடிவிட்டது. சாமி எதுவும் பேசாமல், அந்தப் பிள்ளையையும் அம்மாச்சியையும் மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் அறை வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் பேசினார். மந்திரம் சொல்லும்மா என்றார். பிள்ளை கடகடவென்று சொன்னது. ஆனால் கடவுள் என்று வர வேண்டிய இடத்தில் சர்வேசுரன், அருள் என்று வர வேண்டிய இடத்தில் வரப்பிரசாதம், தூய ஆவிக்குப் பதில் இஸ்பிரீத்துசாந்து. வத்திக்கான் சங்கத்துக்கு முந்தின தமிழ்! அம்மாச்சி ஆடு மேய்க்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அந்த அம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவளுடைய அம்மா சொன்னதைக் காதில் வாங்கி, அப்படியே பேத்தி காதில் போட்டிருக்கிறாள். "எனக்கு இந்தப் புது மந்திரமெல்லாம் வராது சாமி, தப்பா இருந்தா பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய" என்றாள்.

சாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நாம சாப்பிடுற சோத்துக்கும் நற்கருணைக்கும் என்னம்மா வித்தியாசம்?" பிள்ளை அம்மாச்சி முகத்தைப் பார்த்தது. அம்மாச்சி வாயைத் திறக்கவில்லை. பிறகு பிள்ளை மெதுவாகச் சொன்னது: "சோறு சாப்பிட்டா பசி போயிரும். இதுல சேசு வாராரு." சாமி பேனாவை எடுத்து, விட்டுப்போன பேரை அவரே பட்டியலில் எழுதினார்.

பிறகு கூட்டத்தில் அவர் விளக்கியது இதுதான். தகுந்த மனசோடு முறைப்படி கேட்டு வருகிறவனுக்கு, தடை ஏதும் இல்லை என்றால், அருட்சாதனத்தை மறுக்கக் கூடாது என்று 1983ல் வந்த திருச்சபைச் சட்டமே சொல்கிறது. பிள்ளையைத் தயார் செய்கிற கடமை முதலில் பெற்றோருக்கு, பிறகு சாமிக்கு. பதிவேடு நாம் வைத்துக்கொண்டது. விதியை எடுக்கவில்லை, ஆனால் வேலைக்கு வெளியூர் போகிற குடும்பங்களைத் தனியாகக் குறித்து, ஊரில் இருக்கிற நாளில் அன்பியக் கூட்டத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவானது. இப்போது நாங்கள் முறை வைத்துச் சாயங்காலம் கிளைக் கிராமங்களுக்குப் போகிறோம்.

அடுத்த தலைவலி செலவு. பெண் பிள்ளைக்கு வெள்ளைக் கவுன், தலையில் முடி, கையுறை, வெள்ளைச் செருப்பு. பையனுக்கு வெள்ளைப் பேண்ட் சட்டை. அலங்கார மெழுகுவர்த்தி, போட்டோ, முச்சந்தியில் பிளெக்ஸ், மத்தியானம் பிரியாணி. ஒருத்தர் செய்தால் அடுத்த வீட்டுக்காரரும் செய்ய வேண்டியிருக்கிறது. மிளகாய் விலை விழுந்த வருசம் கம்மலை அடகு வைத்துக் கவுன் எடுத்த தாயை எனக்குத் தெரியும். ஒரு நாள் உடுத்தி மடித்து வைக்கிற துணி அது.

வகுப்பு எடுக்கிற பெண்கள்தான் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உள்ளூர்த் தையல்காரம்மாவிடம் ஒரே மாதிரி வெள்ளை அங்கி பல அளவில் தைத்துக் கோயில் பீரோவில் வைத்துவிட்டார்கள். புதுநன்மை அன்று எல்லாப் பிள்ளையும் அதைத்தான் போடும். மறுநாள் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பூசை முடிந்ததும் எல்லாக் குடும்பத்துக்கும் கோயில் வளாகத்திலேயே இட்லி, பொங்கல். முதல் வருசம் முணுமுணுப்பு இருந்தது. "எம் பிள்ளைக்கு எடுக்க எனக்கு வக்கு இல்லையா?" என்று சண்டைக்கு வந்தவரும் உண்டு. வரிசையில் எல்லாப் பிள்ளையும் ஒன்றுபோல நின்றதைப் பார்த்த பிறகு சத்தம் குறைந்தது. பிளெக்ஸ் மட்டும் இன்னும் ஒழியவில்லை.

பெரியவர்களைத் தயார் செய்வது பிள்ளைகளை விடப் பெரிய பாடு. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய், ஞானத்தகப்பன் தேடும்போது யார் மோதிரம் போடுவார், யார் செயின் போடுவார் என்று பார்க்கிறார்கள். அவர்களுக்கு 16 வயசு நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதல் வாங்கியிருக்க வேண்டும், விசுவாசத்தில் நடக்கிறவராக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். தங்கத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

எனக்கு நம்பிக்கை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் அம்மா நம்ம சபை, அப்பா இந்து. அந்த அப்பாதான் வாராவாரம் பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும் வரை வேப்பமரத்தடியில் நிற்பார். உள்ளே வாங்க மாப்பிள்ளை என்றால், "இருக்கட்டும் மாமா" என்பார். ஒரு நாள் மகன் ஒரு மந்திரத்தில் தடுமாறினான். வாசலில் நின்றபடியே அவர் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். ராத்திரி ராத்திரி பையனோடு உட்கார்ந்து புத்தகத்தைப் பிடித்து ஒப்பித்துப் பார்த்ததில் அவருக்கே பாடமாகிவிட்டது. சவேரியார் கடிதத்தில் எழுதியது எங்கள் வேப்பமரத்தடியிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

புதுநன்மை முடிந்த பிறகு பாதிப் பிள்ளைகளை ஞாயிறு வகுப்பில் பார்க்க முடிவதில்லை. உறுதிபூசுதலுக்கு ஆயர் வருகிறார் என்றால்தான் மறுபடி தலை காட்டும். அதற்கும் ஏதாவது வழி பார்க்க வேண்டும். இப்போதைக்கு இந்த வருசம் பதினான்கு பிள்ளைகள், அதில் நான்கு பேர் சூளைக் குடும்பம். பெரிய அளவு அங்கி பற்றாக்குறையாக இருக்கிறது. இதை வாசிக்கிற நம்ம சபை ஆட்கள் வீட்டில் ஒரு நாள் உடுத்திய வெள்ளைத் துணி பீரோவில் சும்மா கிடந்தால், உங்கள் பங்குக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கேயும் கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது ஒரு தாய் யோசித்துக்கொண்டிருப்பாள்.