தாயைப் பார்க்காமல் வாங்கிய நாய்க்குட்டி!

என் வேலையே சரிபார்ப்பதுதான். எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு ஒரு வீடியோ வந்தால், எந்த ஊர், எந்தத் தேதி, எடுத்தது யார் என்று விசாரிக்காமல் வெளியிட மாட்டோம். ஆனால், என் தங்கைக்கு நாய்க்குட்டி வாங்கியபோது நான் ஒரு கேள்விகூட கேட்கவில்லை.

ப்ளஸ் டூ முடித்ததும் நாய் வாங்கித் தருவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் கண்ணில் பட்டது. கழுத்தில் ரிப்பன் கட்டிய லேப்ரடார் குட்டிகள். '45 நாள் குட்டி, தடுப்பூசி போட்டாச்சு, 9,000 ரூபாய், இன்னைக்கு மட்டும்!' உடனே 2,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். "நீங்க ஏன் சார் அலையணும், நானே கொண்டாந்து தர்றேன்" என்றார் விற்றவர். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் அட்டைப்பெட்டி கை மாறியது.

விழுப்புரத்தில் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதோட தாய் எப்படிடா இருந்துச்சு?" நான் முழித்தேன். "ஒரு கன்னுக்குட்டி வாங்கணும்னாகூட தாயைப் பாத்துட்டுதான் வாங்குவோம். நீ ரோட்டுல நின்னு வாங்கிட்டு வந்திருக்கியே!"

தங்கை அதற்கு லட்டு என்று பெயர் வைத்தாள். 3 நாள்கள் அவள் காலையே சுற்றி வந்தது. 4-ம் நாள் சாப்பிடவில்லை. வாந்தி எடுத்தது. இரவில் ரத்தக்கழிச்சல். டாக்டர் டெஸ்ட் செய்துவிட்டு 'பார்வோ வைரஸ்' என்றார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "45 நாளா? 35 நாள்கூட இருக்காது. பால் குடிக்கிற வயசுல தாய்கிட்ட இருந்து பிரிச்சிருக்காங்க." தடுப்பூசி அட்டையில் தேதி மட்டும்தான் இருந்தது. மருந்து பாட்டிலின் ஸ்டிக்கரும் இல்லை, டாக்டரின் கையெழுத்தும் இல்லை. விற்றவருக்கு போன் போட்டேன். என் நம்பரை பிளாக் செய்திருந்தார்.

டிரிப்ஸ் ஏற்றியும் பலனில்லை. 7-ம் நாள் விடியற்காலையில் தங்கையின் மடியிலேயே லட்டு போய்விட்டது. அவள் என்னைத் திட்டவில்லை. "நான் சரியாப் பாத்துக்கலையாண்ணா?" என்றாள். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

பார்வோ கிருமி மாதக்கணக்கில் வீட்டிலேயே தங்கியிருக்கும். ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, ஒரு வருஷம் காத்திருந்தோம். பிறகு அதே டாக்டர், ராஜபாளையம் பக்கம் ஒரு பெரியவரிடம் போகச் சொன்னார். இந்த முறை கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவள் தங்கைதான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் ஆரம்பித்துவிட்டார். "பகல்ல வீட்ல யார் இருப்பா? சுத்துச்சுவர் இருக்கா? இது ஓடுற சாதி தம்பி, கட்டியே போட்டா வீணாப்போயிரும். நாளைக்கு வேண்டாம்னு தோணுச்சுன்னா ரோட்டுல விட்றாதீங்க, எங்கிட்டயே கொண்டாந்து விட்ருங்க." அவர் விசாரித்த விசாரிப்பு, பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போலவே இருந்தது.

குட்டிகள் தாயின் பக்கத்திலேயே படுத்திருந்தன. ஒரு குட்டியின் பின்னால் கை தட்டிக் காட்டினார். அது திரும்பவில்லை. "இதுக்குக் காது கேக்காது. ராஜபாளையத்துல இப்படிச் சிலது பிறக்கும். இதை விக்க மாட்டேன், நானே வச்சுக்கிடுவேன்." தங்கை கை நீட்டிய குட்டியையும் அன்று தரவில்லை. "இன்னும் 20 நாள் ஆகட்டும், வாங்க."

அவர் பேச்சுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான மத்திய அரசின் 2017-ம் ஆண்டு விதிகளின்படி, 8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெண் நாயை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. வாழ்நாளில் 5 ஈத்துதான். இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

குட்டி வாங்கப் போகிறீர்களா? பிறந்த இடத்துக்கே போய்த் தாயைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழ் கேளுங்கள். தடுப்பூசி அட்டையில் ஸ்டிக்கரும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இடத்தைக் காட்டத் தயங்குபவரிடமும், அவசரப்படுத்துபவரிடமும் வாங்காதீர்கள். உங்களைப் பற்றி ஒரு கேள்விகூட கேட்காமல் குட்டியைக் கொடுப்பவருக்கு, அது எங்கே போனால் என்ன?

20 நாள் கழித்துப் போய்க் கூட்டி வந்தோம். இப்போது எங்கள் வாசலில் ஆள் உயரத்துக்குத் தாவுகிறான். போன வாரம்கூட பெரியவர் போன் செய்தார். நலம் விசாரித்தது என்னையல்ல.

"பிள்ளை நல்லா இருக்கானா தம்பி?"