நரிவெங்காயம்

சித்திரை வெயிலில் எங்கள் ஊர்த் தேரியில் பச்சை என்று சொல்ல உடைமரமும் பனையுந்தான் மிஞ்சும். அந்த நேரம் பார்த்து, ஓர் இலைகூட இல்லாமல் செம்மணலுக்குள்ளிருந்து ஒற்றைத் தண்டு எழும்பி நிற்கும். தண்டு நெடுகத் தலைகவிழ்ந்த மணிப்பூக்கள். பகலில் பார்த்தால் வாடிய சருகுதான். பொழுது சாய்ந்து விரிந்து, விடியுமுன் சுருண்டுவிடும் பூ அது. தாத்தா அந்திக்குப் பாளை சீவப் போகையில் கூடவே போனதால்தான் விரிந்ததைப் பார்க்க எனக்குக் கிடைத்தது.

எட்டு வயதில் ஒருநாள் அந்தத் தண்டின் அடியைத் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில், என் கைக்குள் அடங்காத வெள்ளை வெங்காயம்! ஆச்சியிடம் கொடுத்தால் குழம்புக்கு ஆகும் என்ற சந்தோஷத்தில் உரித்துக்கொண்டே ஓடினேன். வெங்காயம் உரித்தால் கண் எரியும்; இதை உரித்ததில் கை அரித்தது. வாசனையும் இல்லை. வீட்டை எட்டுமுன் விரலிடுக்கெல்லாம் தடித்துவிட்டது.

“ஏலே, வாயில வச்சியா? நெசத்தச் சொல்லு.”

ஆச்சி என் வாயைத் திறக்கவைத்து மோந்து பார்த்தாள். இல்லை என்று உறுதியான பிறகுதான் புளியைக் கரைத்துக் கையைக் கழுவிவிட்டாள். “இது நரிவெங்காயம்லே. நரிக்குன்னு பேரு வச்சதே மனுசனுக்கு ஆகாதுன்னுதான்.”

ஆனால் தூக்கி எறியவில்லை. இறவாரத்தில் செருகி வைத்தாள். பனையேறித் தேய்ந்த தாத்தாவின் குதிகாலில் ஆணி இருந்தது. ராத்திரி தணலில் கிழங்கைச் சுட்டு, இரண்டாக அறுத்து, சூடு பொறுக்கும் பதம் வந்ததும் அவர் குதிகாலை அதன்மேல் வைத்து அழுத்தச் சொன்னாள். அறுக்க ஒரு துருப்பிடித்த கத்தி தனியாக இருந்தது; அது காய் நறுக்க வந்ததே இல்லை. மிச்சத்தை ஆடு தின்றுவிடாமல் கொல்லையில் ஆழப் புதைத்தாள்.

பிறகு கல்லூரித் தாவரவியல் கூடத்தில், தாளில் ஒட்டிய அதே பூந்தண்டைக் கண்டேன். ராக்ஸ்பர்க் வைத்த பெயர் ஸ்கில்லா இண்டிகா. பின்னால் அர்ஜினியா இண்டிகா ஆனது. 1977 முதல் ட்ரிமியா இண்டிகா. ‘ட்ரிமிஸ்’ என்றால் கிரேக்கத்தில் உறைப்பு, காரம் என்று பொருளாம். அது என் விரலுக்கு எட்டு வயதிலேயே தெரியும். சாற்றில் இருக்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் தோலில் குத்தி அரிக்கின்றன. ஆச்சி பயந்தது அதற்கல்ல. கிழங்கில் ஸ்கில்லாரென் போன்ற, இதயத்தைத் தாக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. மத்தியதரைக் கடலோரத்து நரிவெங்காயத்துக்கு ஈடாக நம்மூர்க் கிழங்கையும் ஆங்கில மருத்துவம் சளி இளக்கும் மருந்தில் சேர்த்ததுண்டு. அளந்து, மிகச் சிறிய அளவில். அளவு கூடினால் வாந்தி. இன்னும் கூடினால் நாடி தளர்ந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகும்.

நரி, பேய் என்று முன்னொட்டு வைத்துச் செடிகளைப் பிரித்த நம் முன்னோரின் பெயரிடலை நான் எந்த லத்தீன் பெயருக்கும் குறைத்து மதிப்பதில்லை.

இருமலுக்கு நரிவெங்காயச் சாறு குடி என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதைச் சுட்டுத் தாத்தாவின் ஆணியை ஆற்றத் தெரிந்த ஆச்சியே, ஒருநாளும் அதை அடுக்களை வாசலைத் தாண்ட விட்டதில்லை. நீங்களும் விடாதீர்கள்.